சத்திர வைத்தியரின் ஆயுட்காலக் கல்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாம் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை, வைத்தியர்களும் வைத்தியம் பெறுவோரும் ஆண்டுக்கொரு முறை ஒரே மண்டபத்தில் அமர்ந்து சிந்திக்க வேண்டும் என்ற நோக்கத்துக்காக ஒதுக்கிவைத்த ஒரு பெருந்தகையின் பெயரால் நாம் இங்கே கூடியிருக்கிறோம். அவருடைய உத்தேசத்துக்குப் பொருந்துமாறு, சத்திர வைத்தியர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சு எப்போது கல்வியாகிறது, எப்போது வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது என்பதை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வைத்தியர்களின் சொந்த விவகாரம் போல இது தோன்றலாம். ஆனால் ஆபரேஷன் மேஜையின் மீது மயக்கத்தில் கிடக்கும் ஒவ்வொரு மனிதனும், தன்னை அறுக்கும் கை பட்டம் வாங்கிய நாளோடு கற்பதை நிறுத்திக்கொண்டதா, அல்லது நேற்றுவரை கற்றுக்கொண்டிருந்ததா என்ற கேள்விக்குத் தன் உடலையே ஈடாக வைத்திருக்கிறான் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எல்லாருடைய விவகாரமும் ஆகும்.

1. கதவுக்குப் பின்னால் நடக்கும் தொழில்

கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மறுநாள் அதை நிறுத்திவிட்டு வேறொன்றை எழுதித்தரும் வசதி மற்ற வைத்தியர்களுக்குப் பெரும்பாலும் உண்டு. சத்திர வைத்தியருக்கோ, ஒரு குழாயை வெட்டியபின் வெட்டாத நிலைக்கு அதை மீட்கும் வழி கிடையாது. மீட்க முடியாத இந்தக் காரியத்தை அவர், படித்து முடிக்கும்வரை ஆசிரியரின் கண்முன்னாலும், முடித்தபின் பெரும்பாலும் தனியாகவும் செய்கிறார். மேற்படிப்பு முடிந்து தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகும் இளைஞர், அடுத்த முப்பது ஆண்டுகளில் தம் கையின் வேலையைத் தமக்கு நிகரான இன்னொருவர் அருகில் நின்று பார்த்து அபிப்பிராயம் சொல்லும் பாக்கியத்தை எத்தனை முறை பெறுவார் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இராது.

இந்தக் குறையை நம் சட்டதிட்டங்கள் அறியாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த ஒழுக்க விதிகள், ஒவ்வொரு வைத்தியரும் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரமேனும் தொடர் மருத்துவக் கல்வியில் பங்குகொள்ள வேண்டும் என்று கூறின. விதி நல்லதே. எனினும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடும் படங்களைப் பார்த்து, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, சான்றிதழோடு வீடு திரும்புவதால் மட்டும் ஒரு கை மாறிவிடுவதில்லை என்பதை நாம் எல்லாரும் அனுபவத்தில் அறிவோம். அப்படியானால் அந்தக் கையை மாற்றுவது எது? சரித்திரத்தில் சில சம்பவங்களை ஆராய்ந்து பார்த்தால் விடை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

2. பூனாவிலிருந்து சென்ற கடிதம்

1792ஆம் ஆண்டு யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கௌஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் சேனையிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். சுமார் ஓராண்டுக்குப் பிறகு, பூனாவுக்கு அருகே செங்கல் சூளைத் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கொன்றை அமைத்துத் தந்தார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு ஆங்கில வைத்தியர்கள் அதை நேரில் கண்டார்கள். அவர்கள் கண்டது, லண்டனிலிருந்து வெளிவந்த ‘ஜென்டில்மென்ஸ் மேகஸீன்’ என்னும் சஞ்சிகையில், 1794 அக்டோபரில், தலைப்பெழுத்துகளை மட்டும் கையொப்பமாகக் கொண்ட ஒரு கடிதமாகப் பிரசுரமாயிற்று.

அந்தக் கடிதம் சத்திர வைத்தியர்களுக்கு இன்றும் ஒரு பாடம். மெழுகைத் தட்டி மூக்கின் அளவுக்கு மாதிரி செய்து, அதை விரித்து நெற்றியின் மேல் வைத்துக் கோடிட்டது; அந்தக் கோட்டின்படி தோலை உரித்து, இரு கண்களுக்கும் நடுவே மட்டும் ஒரு காம்பை விட்டுவைத்தது; அந்தக் காம்பின் வழியே ரத்த ஓட்டம் நிலைக்க, தோலைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்தியது; நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணித் துண்டுகளில் தடவி அதன்மேல் ஒட்டியது; நான்கு நாள் வரை வேறு கட்டு எதுவும் போடாதது; ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் அந்தக் காம்பை வெட்டிவிட்டது என்று, செய்தவனின் பெருமையைப் பேசாமல் செய்த முறையையும் அதன் பலனையும் மட்டுமே அது பேசுகிறது. லண்டனில் அதைப் படித்த கார்ப்யூ என்ற சத்திர வைத்தியர், பிரேதங்களின்மீது அதைப் பயின்று பார்த்து, 1814 அக்டோபரில் உயிருள்ள ஒருவருக்குச் செய்து வெற்றி கண்டு, 1816இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவின் பிளாஸ்டிக் சர்ஜரி அங்கிருந்து புதுவழி கண்டது.

நம் நாட்டின் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்த ஒரு வித்தை, ஒரு கடிதத்தின் வழியே உலகத்தின் பொதுச் சொத்தானது நமக்குப் பெருமை தருவதே. ஆனால் அந்தக் கடிதத்துக்கும் கார்ப்யூவின் முதல் ஆபரேஷனுக்கும் இடையே கழிந்த இருபது ஆண்டுகளையும் நாம் கவனிக்க வேண்டும். எழுத்து அவருக்கு வழியைக் காட்டியது. செய்தவனின் கையைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பையோ, அவனிடம் சந்தேகம் கேட்கும் வாய்ப்பையோ அது தரவில்லை. முறையையும் பலனையும் ஒருங்கே சொல்லும் வார்த்தை கடலைக் கடக்கும்; ஆனால் பதில் கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் அது மெதுவாகவே கடக்கும்.

3. வியன்னாவின் பகிரங்கக் கடிதம்

இரண்டாவது சம்பவம் 1881ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரைப்பையின் கீழ்வாயில் புற்றுநோய் வந்தவர்கள் உண்டது இறங்காமல் பட்டினியால் மெலிந்து மாண்டுகொண்டிருந்த காலம் அது. அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு மிகுதியைக் குடலோடு இணைக்கும் காரியத்தை 1879இல் பாரிஸில் பெயான் என்பவரும், 1880இல் ரிடிகர் என்பவரும் முயன்று, நோயாளிகளை இழந்திருந்தார்கள். 1881 ஜனவரி 29ஆம் தேதி வியன்னாவில் தியோடோர் பில்ரோத், தெரேஸ ஹெல்லர் என்னும் பெண்மணிக்கு அதைச் செய்தார், அவர் பிழைத்தார். ஆறே நாட்களில், பிப்ரவரி 4ஆம் தேதியிட்டு, அவ்வூர் வைத்தியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்குப் பில்ரோத் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதித் தாம் செய்ததைச் சகாக்களுக்கு விளக்கினார்.

வெற்றியைச் சொல்ல யாரும் விரைவார்கள். பில்ரோத்தின் விசேஷம் அதற்கப்பால் இருக்கிறது. அந்தப் பெண்மணி சுமார் நான்கு மாதங்களுக்குப் பின், நோய் மீண்டும் தலைதூக்கியதால் காலமானார். அந்தச் செய்தியும் மறைக்கப்படவில்லை. அவருடைய இரைப்பை, இணைத்த இடம் எப்படி ஆறியிருந்தது என்பதை யாவரும் காணுமாறு, இன்றும் வியன்னாவில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. இதற்கு முன்பே, ஜூரிச் நகரில் தாம் பணியாற்றிய 1860 முதல் 1867 வரையுள்ள ஆண்டுகளின் சிகிச்சைப் பலன்களை, இறந்தவர்களின் கணக்கையும் சேர்த்துப் புத்தகமாகவே வெளியிட்டிருந்தவர் அவர். தோற்றதைச் சொல்லும் பழக்கம் உள்ளவனின் வார்த்தையாக இருந்ததனால்தான், வென்றதாக அவர் சொன்னபோது உலகம் தயங்காமல் நம்பியது.

4. காட்மன் கேட்ட கேள்வி

பில்ரோத்துக்கு இயல்பாக இருந்த ஒரு குணத்தை ஸ்தாபனங்களின் கடமையாக்க முயன்றவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன். ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் அவர்கள் வீடு திரும்பியபின்னும் நெடுநாள் தொடர்ந்து சென்று, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்று விசாரித்துப் பதிவு செய்து பகிரங்கப்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். ‘இறுதிப் பலன்’ என்று அதற்கு அவர் பெயரிட்டார். தாம் சொன்னதைத் தாமே செய்து காட்ட 1911இல் ஒரு சிறிய ஆஸ்பத்திரியைத் தொடங்கி, 1916க்குள் அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் கணக்கில் 123 பிழைகளைத் தாமே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். பிழைகளை அறிவின் குறை, திறமையின் குறை, நோயறிதலின் குறை, நோயின் இயல்பால் நேர்ந்த இன்னல் என்று வகைப்படுத்தவும் செய்தார்.

அவருக்குக் கிடைத்த கைம்மாறு கசப்பானது. 1915இல் ஒரு சத்திர வைத்தியர் கூட்டத்தில், பலனைக் கேளாமல் பணத்தைச் சேர்க்கும் போக்கைக் கண்டித்து அவர் வெளியிட்ட கேலிச் சித்திரத்தால் சகாக்களின் கோபத்துக்கு ஆளானார். 1940இல் காலமானபோது அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. சத்திர வைத்தியர்களின் அமைப்புகளே ஒன்றுகூடி அந்தக் கல்லை நட்டது 2014இல். இன்று நல்ல ஆஸ்பத்திரிகள் யாவும் நடத்தும் மரண ஆய்வுக் கூட்டமும், சிகிச்சைத் தணிக்கையும் அவர் போன்றவர்கள் போட்ட விதையே. நம் தமிழ்நாட்டில் பிரசவத்தின்போது நேரும் மரணம் ஒவ்வொன்றையும் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்துவருவதும், தாய்மார்கள் மரண விகிதம் குறைந்ததில் அதற்குள்ள பங்கும் இங்கே நன்றியோடு நினைக்கத் தக்கவை.

5. ஒரு பச்சைக் குழாயின் கதை

முடிவுகள் திரும்பி வராமல் பேச்சு மட்டும் வேகமாகப் பரவினால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துவாரங்கள் வழியே கருவிகளை நுழைத்துப் பித்தப்பையை நீக்கும் லேப்ராஸ்கோப்பி முறையை 1985 செப்டம்பர் 12ஆம் தேதி ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மூஹெ முதன்முதலாகச் செய்தார். மறு ஆண்டு தம் நாட்டுச் சத்திர வைத்தியர் மாநாட்டில் அதை அவர் எடுத்துரைத்தபோது சபை அவரைப் பொருட்படுத்தவில்லை. அதே சபை 1992இல்தான் அவரைக் கௌரவித்தது. இடையில் பிரான்சில் லியான் நகரத்து மூரே 1987இல் இதைச் செய்தார். 1989இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்த மாநாட்டில் பெரிஸா காட்டிய வீடியோவைச் சூழ்ந்து நின்று பார்த்தவர்கள், ஊர் திரும்பித் தாங்களும் செய்யத் தலைப்பட்டார்கள். 1990இல் பம்பாயில் டெஹெம்டன் உத்வாடியா இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்தார்.

நோயாளிக்கு வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரமே வீடு திரும்பலாம் என்பதனால் இம்முறை காட்டுத்தீயாகப் பரவியது. வாரக் கடைசியில் இரண்டு நாள் பன்றியின் உடலில் பயிற்சி பெற்று, மறு வாரமே மனித உடலில் செய்யத் துணிந்தவர்கள் பலர். விளைவு என்ன? திறந்து செய்த காலத்தில் ஆயிரம் பேரில் ஓரிருவருக்கே நேர்ந்த பித்தநாளக் காயம், ஆரம்ப ஆண்டுகளில் ஆயிரத்தில் சுமார் ஐவருக்கு நேரத் தொடங்கியது. பித்தப்பையின் சிறு குழாய் என்று கருதி, கல்லீரலிலிருந்து வரும் பிரதான பித்தநாளத்தையே கிளிப் போட்டு வெட்டிவிடும் விபரீதம் அது. நோயாளியின் மிகுதி ஆயுள் முழுவதையும் அது பாதிக்கும். 1992இல் நியூயார்க் மாநிலம், மேற்பார்வையில் குறைந்தது 15 ஆபரேஷன்கள் செய்தபின்பே தனித்துச் செய்யலாம் என்று விதிக்க நேர்ந்தது.

இந்த நிலையை உண்மையில் திருப்பியது, காயங்களை மறைக்காமல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்த ஒரு சிலரின் உழைப்பு. ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவர் சகாக்களும் 1995இல் ஒரு நெறியை வகுத்தார்கள்: பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள முக்கோணப் பரப்பில் கொழுப்பும் நாரும் நீங்கிச் சுத்தமாக வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் செல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும், இம்மூன்றும் பிரத்தியட்சமாகத் தெரியாதவரை எதையும் வெட்டலாகாது. 2003இல் லாரன்ஸ் வேயும் அவர் குழுவினரும் 252 பித்தநாளக் காயங்களின் குறிப்புகளையும் வீடியோக்களையும் துருவிப் பார்த்து, அவற்றில் 97 சதவீதம் கைத்திறமைக் குறைவால் நேர்ந்தவையல்ல, கண் கண்டதை மனம் பிழையாக உணர்ந்ததால் நேர்ந்தவை என்று காட்டினார்கள். வெட்டியவர் தாம் வெட்டுவது சரியான குழாயே என்று உறுதியாக நம்பினார்! தன் மயக்கத்தைத் தானே கண்டுகொள்ள முடியாது என்பதே மயக்கத்தின் இலக்கணம். ஆகையால் இன்னொருவர் கண் அங்கே தேவைப்படுகிறது. சகாக்களோடு பேசும் பழக்கம் மரியாதைக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஏற்பட்டதன்று, ஆபரேஷனின் பத்திரத்துக்கே அது அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

6. சகாவின் கண்

இன்னொருவர் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனுக்காகச் செய்யும் இரைப்பை மாற்றுவழி ஆபரேஷனில் பயின்ற 20 சத்திர வைத்தியர்கள், தாங்களே தேர்ந்தெடுத்த வீடியோ ஒன்றை முன்வந்து கொடுத்தார்கள். செய்தவர் யாரென்று அறியாத சகாக்கள் அவற்றைப் பார்த்துத் திறமைக்கு மதிப்பெண் இட்டார்கள். பர்க்மையரும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, மதிப்பெண்ணில் கடைசி நாற்கூறில் இருந்தவர்களின் நோயாளிகளுக்கு 14.5 சதவீத அளவிலும், முதல் நாற்கூறில் இருந்தவர்களின் நோயாளிகளுக்கு 5.2 சதவீத அளவிலும் சிக்கல்கள் நேர்ந்திருந்தன. ஒரே ஒரு வீடியோவைப் பார்த்த சகாக்களின் கண், நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கதியை ஏறக்குறையச் சரியாக முன்னறிந்து சொன்னது. நம்மிடையே தேர்ந்த கண்கள் உண்டு. அவற்றின் முன் நம் வேலையை வைக்கும் மனத்துணிவே நமக்கு வேண்டியது.

7. கைபேசியில் கூடும் சபை

இனி நம் இன்றைய நிலைக்கு வருகிறேன். கடிதமும் சஞ்சிகையும் மாநாடும் செய்த பணியின் ஒரு பகுதியை இன்று கைபேசிக் குழுக்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நள்ளிரவில் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் வயிறு ஊதி வந்த நோயாளியின் எக்ஸ்ரேயை ஓர் இளம் வைத்தியர் குழுவில் இட்டால், சென்னையிலோ மதுரையிலோ கோயம்புத்தூரிலோ விழித்திருக்கும் மூத்தவர் ஒருவர் சில நிமிஷங்களில் அபிப்பிராயம் சொல்லிவிடுகிறார். கார்ப்யூவுக்குக் கிட்டாமற்போன பதில் கேள்வி, இவருக்குக் கிட்டுகிறது. தனிமையில் வேலை செய்பவருக்கு இது பெரிய துணை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளும் வைத்தியருக்கு வைத்தியர் ஆலோசனை கூறுவதை அங்கீகரித்திருக்கின்றன.

ஆனால் இந்தச் சபைக்கும் ஒழுங்கு வேண்டும். முதலாவது, கேட்பவர் முழுமையாகக் கேட்க வேண்டும்: நோயாளியின் வயதென்ன, எத்தனையாவது நாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது என்ன தெரிந்தது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, இதுவரை என்ன செய்தாயிற்று, தமக்கு எதில் சந்தேகம் என்பதைச் சொல்லாமல், ஒரு படத்தை மட்டும் இட்டு ‘கருத்து என்ன?’ என்று கேட்டால் வரும் பதிலும் படத்தைப் பற்றியதாக இருக்குமே அன்றி நோயாளியைப் பற்றியதாக இராது. இரண்டாவது, பதில் சொல்பவர் தம் பதவியின் கனத்தைத் தம் வாதத்தின் கனமாக ஆக்கிவிடலாகாது. மூத்தவர் ஒருவர் வாய் திறந்ததும் இளையவர்கள் மௌனமாகிவிடும் குழுவில், லாரன்ஸ் வே காட்டிய அந்த மனமயக்கம் ஒருவரிடமிருந்து நூறு பேருக்குப் பரவுகிறது.

மூன்றாவது, நோயாளியின் அந்தரங்கம். முகமும் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் தெரியும் படங்களைச் சிந்தனையின்றி அனுப்புவது எளிதாகிவிட்டது. நோயாளியை அடையாளம் காணும் விதத்தில் அவருடைய சம்மதமின்றிப் படமோ விவரமோ வெளியிடலாகாது என்று 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. விதிக்கு அஞ்சி மட்டுமன்றி, நம்மை நம்பி ஆடை களைந்து படுத்தவரின் கௌரவம் நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற உணர்வாலும் இதை நாம் காக்க வேண்டும்.

நான்காவதாக நான் சொல்வதே இந்தச் சொற்பொழிவின் சாரம். கேட்டவர் திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாக ஆலோசனை கூறிய பிறகு, அந்த நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது, வயிற்றைத் திறந்தபோது என்ன இருந்தது, அவர் பிழைத்து வீடு சென்றாரா என்பதைக் குழு அறியாமலே அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது. அன்று சரியாகச் சொன்னவர் தாம் சரி என்பதை அறிவதில்லை. தவறாகச் சொன்னவர் அடுத்த முறையும் அதே உறுதியோடு தவறையே சொல்கிறார். ஆண்டுக்கணக்கில் இப்படிப் பேசினாலும் அறிவு வளராது, பேசுபவர்களின் தன்னம்பிக்கை மட்டுமே வளரும். முடிவு திரும்பி வந்தாலோ, அதே பேச்சு பாடமாகிறது. காட்மன் ஓர் ஆஸ்பத்திரியில் நடத்திக் காட்டியதை ஒரு மாவட்டமே நடத்தக்கூடியதாகிறது.

8. செய்யத்தக்கவை

நாம் உடனே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். மாவட்டந்தோறும் அரசு வைத்தியர்களும் தனியார் வைத்தியர்களும் மாதம் ஒருமுறை நேரில் கூடட்டும். அந்த மாதத்தின் வெற்றிகளைப் பேசுவதற்கு முன், அந்த மாதத்தின் சிக்கல்களையும் மரணங்களையும் பேசட்டும். அதை நடத்துபவர் குற்றம் யாருடையது என்று தேடாமல், காரணம் எது என்று தேடும் பக்குவம் உடையவராக இருக்கட்டும். அங்கே சொல்லப்பட்டது அவதூறுக்குப் பயன்படாது என்ற உறுதியை ஸ்தாபனங்கள் அளிக்கட்டும். கைபேசிக் குழு ஒவ்வொன்றும், கேட்ட கேள்விகளையும் அவற்றின் முடிவுகளையும் நோயாளிகளின் அடையாளம் நீக்கிப் பதிவேடாக வைத்து, அந்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். லேப்ராஸ்கோப்பி செய்பவர்கள், பித்தப்பையில் வெட்டுவதற்கு முன் அந்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியதைக் காட்டும் படத்தைப் பதிவு செய்து, ஆண்டுக்கொரு முறையேனும் ஒரு சகாவிடம் காட்டட்டும். தொடர் கல்விக்கான மதிப்பெண்ணை, நாற்காலியில் உட்கார்ந்த நேரத்துக்கு அளிப்பதோடு, இவ்வாறு தம் முடிவுகளைச் சபையின் முன் வைத்தவர்களுக்கும் கவுன்சில்கள் அளிக்கட்டும். 1938இல் தோன்றி, சென்னையையே தலைமையிடமாகக் கொண்டிருக்கும் இந்திய சத்திர வைத்தியர் சங்கம் இதற்கு வழிகாட்டுமானால் நாடு முழுவதும் பயன்பெறும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசிரியர்கள் உங்களுக்குக் கைவேலையைக் கற்றுத்தருவார்கள். அதோடு, நீங்கள் ஆபரேஷன் செய்த முதல் நோயாளி தொடங்கி ஒவ்வொருவரின் முடிவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கத் தொடங்குங்கள். மோசமாக முடிந்தவற்றை முதலில் எழுதுங்கள். உங்களுக்குச் சமமான ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுங்கள். பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வைத்தியரிடம் அவர் படித்த கல்லூரியை விசாரிப்பதோடு, இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் புண்படமாட்டார். விடை வைத்திருப்பவராக இருந்தால் மகிழ்வார். இல்லையென்றால் அன்று முதல் அந்த விடையைத் தேடத் தொடங்குவார்.